சமையலறையில் இருந்தவள்

காலை ஐந்து ஐம்பதுக்கு ஆஸ்பத்திரி வேன் தெருமுனைக்கு வரும். ஒரு நிமிடத்துக்கு மேல் நிற்காது. இன்பமணி வீட்டை வெளியே பூட்டிக்கொண்டு இரும்புப் படிகளில் இறங்கி ஓடுவாள். கணவன் தேவசுந்தரம் இரவு டூட்டி முடிந்து ஆறு இருபத்தைந்துக்குக் காரைக் கொண்டுவந்து நிறுத்துவான். நடுவில் முப்பத்தைந்து நிமிடம். நர்ஸ்கள் குடியிருக்கும் வீடுகளில் இப்படி ஒரு நேரம் எல்லோருக்கும் உண்டு. சிலருக்குப் பத்து நிமிடம், சிலருக்கு ஒரு மணி நேரம். வேனில் அதற்கு ‘கேப்’ என்று பெயர். புது ரோஸ்டர் வந்ததும், உனக்கு எவ்வளவு கேப், எனக்கு எவ்வளவு கேப் என்று விசாரித்துக்கொள்வார்கள். அந்த நேரத்தில் பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருக்கும். தூங்குகிற பிள்ளைக்கு என்ன வந்துவிடப்போகிறது. இன்பமணி ஏறியதும் இந்தப் பேச்சு நின்றுவிடும். யாராவது மீன் விலையைப் பற்றி ஆரம்பிப்பார்கள்.

வளைகுடாவில், ஈசா டவுனில் அந்த வீட்டின் மாடியில் ஒன்பது வருடமாக இருந்தார்கள். வீட்டுக்காரர் தன் பழைய வீட்டைக் கீழும் மேலுமாகப் பிரித்து, மாடிக்கு வெளிப்பக்கம் இரும்புப் படி வைத்து வாடகைக்கு விட்டிருந்தார். இரண்டு அறைகள். ஒரு சமையலறை, ஒரு குளியலறை. இரண்டின் கதவுகளும் எதிரெதிரே. நடுவில் மூன்றடி அகலத்தில் ஒரு நடை. அந்த நடையில் பகலிலும் விளக்கு எரியும். யாராவது அணைத்தால் சற்று நேரத்தில் இன்னொருவர் போட்டுவிடுவார்கள். அதைப் பற்றி அவர்கள் பேசிக்கொண்டதில்லை.

ஜூன் முதல் வெள்ளிக்கிழமை ஆராதனை முடிந்து வந்து சாப்பிட உட்கார்ந்தபோது தேவசுந்தரம் விஷயத்தைச் சொன்னான். வீட்டுக்காரரின் மகனுக்குக் கல்யாணம். மாதக் கடைசியில் மாடி வேண்டுமாம். மனாமாவில் ஒரு பிளாட் பார்த்துவிட்டான். நாலாவது மாடி, லிப்ட் உண்டு, போனில் படம் இருக்கிறது. போனை மகள் அக்ஸாவிடம் கொடுத்தான். அக்ஸாவுக்கு எட்டு வயது. ஒவ்வொரு படமாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். ஒரு படத்தில் நின்றாள். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, தான் வரவில்லை என்றாள்.

அவர்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பள்ளிக்கூடம் மாறாது, பஸ் அங்கேயும் வரும் என்று தேவசுந்தரம் சொன்னான். பிறகு பேச்சை மாற்ற நினைத்து இன்பமணியின் பக்கம் திரும்பினான்.

“அங்க போனா உனக்கு வேன் இன்னும் பத்து நிமிசம் முந்தி வரும். இந்தச் சடையெல்லாம் பின்னிட்டு இருக்க முடியாதுட்டி. பிள்ளைக்கு முடிய வெட்டி விட்ரு.”

“நானா பின்னுதேன்?”

“பின்ன நானா? எனக்கு ஷூ லேஸே ஒழுங்காக் கட்ட வராது.”

இன்பமணி கிளம்பும்போது அக்ஸா தூங்கிக்கொண்டிருப்பாள். முடி தலையணை முழுக்கப் பரந்து கிடக்கும். மூன்றரைக்குத் திரும்பி வரும்போது இரட்டைச் சடை இருக்கும். இறுக்கமாகப் பின்னி, மடித்துக் கட்டி, நடு வகிடு கோடு போட்டதுபோல் பிடரி வரைக்கும் நேராக இருக்கும். பிப்ரவரியிலிருந்து அப்படித்தான். தேவசுந்தரம் வந்து கதவைத் திறக்கும்போதே சடை இருக்கும் என்கிறான். இருவரும் அக்ஸாவைப் பார்த்தார்கள். அவள் மீனில் முள் எடுத்துக்கொண்டிருந்தாள்.

“மம்மிதான் பின்னுவாங்க” என்றாள்.

“எந்த மம்மி?”

“கிச்சன்ல இருக்க மம்மி.” முள்ளைத் தட்டின் ஓரத்தில் வைத்தாள். “டூட்டி மம்மி போனதும் வருவாங்க. அங்க கிச்சனுக்குக் கதவே இல்ல. ஹாலோட சேந்துருக்கு. அவங்க எங்க நிப்பாங்க?”

தேவசுந்தரம் எழுந்து கை கழுவப் போனான். குழாயில் தண்ணீர் விழும் சத்தம் வெகுநேரம் கேட்டது.

இரண்டு வருடத்துக்கு முந்தைய ஆகஸ்ட். அங்கே கோடையில் குழாய்த் தண்ணீரில் கை வைக்க முடியாது. மொட்டை மாடித் தொட்டி பகல் முழுக்க வெயிலில் கொதித்து, நள்ளிரவு தாண்டியும் அப்படியே இருக்கும். அதனால் முந்தின இரவே பிடித்து வைத்து ஆறவிடுவார்கள். எல்லா வீட்டிலும் அப்படித்தான். இன்பமணி குளியலறையில் ஒரு அகலமான நீல டப்பில் பிடித்து வைப்பாள். ஏசிக்குக் குளிர்நீர் அனுப்பும் சில்லர் பிளான்ட்டில் பன்னிரண்டு மணி நேரம் நின்றுவிட்டு வரும் தேவசுந்தரத்துக்கு, வந்ததும் தலையில் ஊற்றிக்கொள்ள நாலு கப் குளிர்ந்த தண்ணீர். டப் அவள் முழங்கால் உயரம் இருக்கும். அக்ஸாவின் தம்பி ஆல்டோவுக்கு அப்போது இரண்டு வயதாகி ஒரு மாதம்.

அந்த முப்பத்தைந்து நிமிடத்துக்குள் அது நடந்தது. வந்து கதவைத் திறந்த தேவசுந்தரம் முதலில் அக்ஸாவைத்தான் பார்த்தான். நடையில், குளியலறைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சமையலறையைப் பார்த்தபடி நின்றிருந்தாள். அன்று அவன் ஆறு பதினைந்துக்கே வந்துவிட்டான். மேலே போனால் பிள்ளைகள் தூங்க விடமாட்டார்கள் என்று காரின் சீட்டைச் சாய்த்துப் பத்து நிமிடம் கண்ணை மூடிக் கிடந்திருக்கிறான். இதை இன்பமணியிடம் ஒரே ஒரு தடவை சொன்னான்.

ஆம்புலன்ஸுக்குக் காத்திருக்காமல் அவனே பிள்ளைகளைக் காரில் போட்டுக்கொண்டு ஓடினான். வேனில் இருந்து பாதி வழியில் இறங்கி டாக்ஸி பிடித்து இன்பமணி போய்ச் சேர்ந்தபோது பார்ப்பதற்கு ஒன்றும் மிச்சமில்லை. மூச்சில்லாமல் எத்தனை நிமிடம் தாங்கும் என்பது நர்ஸுக்குத் தெரியும். அவள் அழுதது பிறகுதான். முதலில் அக்ஸாவின் கையைப் பிடித்து, காரிடாரில் ஜூஸ் மெஷினுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனாள். முட்டி போட்டு உட்கார்ந்து, போலீஸ் கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தாள். மம்மி கிச்சன்ல இருந்தாங்க. தோசை சுட்டாங்க. தம்பி பாத்ரூமுக்குப் போனத நாங்க பாக்கல. திருப்பிச் சொல்லச் சொன்னாள். பதினோரு தடவை. குழந்தைகளைத் தனியே பூட்டிவிட்டுப் போனது தெரிந்தால் கேஸ், லைசென்ஸ் போய்விடும், உள்ளே வைப்பார்கள், அக்ஸா யாரிடம் இருப்பாள். இதெல்லாம் அவள் மனதில் வரிசையாக, சுத்தமாக ஓடியது. அந்த வரிசைதான் பின்னால் அவளைப் பயமுறுத்தியது.

வந்த போலீஸ் அதிகாரி ஒரு பெண். நல்லவள். அக்ஸாவின் உயரத்துக்குக் குனிந்து ஆங்கிலத்தில் கேட்டாள். ஆறு வயதுக் குழந்தை ஒரு சொல் பிசகாமல் ஆங்கிலத்தில் சொன்னது. இன்பமணி யூனிபார்மில் நின்றது, அவள் வீட்டில் டூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள் என்பதற்குச் சாட்சியாயிற்று. வேனில் வந்த ஏழு பேருக்கும் டிரைவருக்கும் உண்மை தெரியும். யாரும் வாய் திறக்கவில்லை. ஒவ்வொருவருக்கும் ஒரு கேப் இருந்தது.

ஆல்டோவை ஊருக்குக் கொண்டுபோய் நாசரேத்தில் அடக்கம் செய்துவிட்டு வந்தார்கள். கோயிலிலும் வீட்டிலும் போனிலும், எப்படி ஆச்சு எப்படி ஆச்சு என்று கேட்டார்கள். ஊரில் இருப்பவர்களிடம் பொய் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. ஆனால் இரண்டு கதை வைத்துக்கொள்ள அவளால் முடியவில்லை. சமையலறையில் இருந்தேன் என்று ஆரம்பிப்பாள். சொல்லச் சொல்ல ஒவ்வொரு விவரமாகக் கூடியது. அடுப்பைச் சிம்மில் வைத்தேன். கையில் மாவு இருந்தது, கழுவிக்கொண்டு போனேன். சட்னிக்குத் தேங்காய் கீறி வைத்திருந்தேன். கதையில் வந்த அந்தப் பெண் அடுப்புக்கு முன்னால் நின்றாள். பிள்ளைகளின் சத்தம் காதில் விழும் தூரத்தில், நாலே எட்டில் ஓடி வரக்கூடிய இடத்தில் நின்றாள். அவளைப் பற்றிப் பேசும்போது இன்பமணிக்கு மூச்சு கொஞ்சம் சுலபமாக வந்தது. பக்கத்தில் அக்ஸா உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் என்ன பார்த்தாள் என்று அன்றும் சரி, பிறகும் சரி, யாரும் அவளிடம் கேட்கவில்லை.

ஒன்றரை வருடம் இன்பமணி மத்தியான டூட்டி கேட்டு வாங்கினாள். ஜனவரியில் மறுபடி காலை ரோஸ்டரில் போட்டுவிட்டார்கள். எட்டு வயதாகிவிட்டது, கீழ் வீட்டில் ஜுலைஹா பீவி இருக்கிறார்கள் என்று சமாதானம் சொல்லிக்கொண்டார்கள். கீழே போய் உட்காரச் சொன்னால் அக்ஸா போகவில்லை. மேலேயே இருந்துகொள்கிறேன் என்றாள். அவள் அடம் பிடிக்காமல் இருந்ததே அவர்களுக்கு ஆறுதலாக இருந்தது. அந்த வீட்டில் இப்போது டப் கிடையாது. கோடை வந்தால் தேவசுந்தரம் கொதிக்கும் குழாய்த் தண்ணீரிலேயே குளித்தான். முதுகு சிவந்து வெளியே வருவான். அவள் மருந்து எதுவும் எடுத்துக் கொடுத்ததில்லை.

சனிக்கிழமை அட்டைப் பெட்டிகள் வந்தன. இன்பமணி கட்டுவதற்குக் கயிறு கேட்டுக் கீழே போனபோது ஜுலைஹா பீவி கதவைத் திறந்ததும் திறக்காததுமாக ஆரம்பித்துவிட்டாள். காயல்பட்டினத்துக்காரி. கேட்பவர் பதில் சொல்லவேண்டும் என்று எதிர்பார்க்காமல் பேசுவாள்.

“நீங்க போறது எனக்கு வருத்தந்தான் நர்ஸம்மா. ஆனா ஒரு வகையில நிம்மதி. டூட்டிக்கும் போறிய, காலையில தோசையும் சுட்டு வச்சிட்டுப் போறிய. மேல கல்லுல கரண்டி தட்டுற சத்தம் கேட்டாப் போதும், எங்க வீட்டு மனுசரு என்னையப் பாப்பாரு. வேலைக்குப் போற பொம்பள சுடுறா, வீட்ல இருக்கறவ நேத்து வாங்குன குபூஸ் ரொட்டிய குடுக்கறான்னு. அஞ்சு மாசமா இந்தப் பேச்சு.”

எத்தனை மணிக்கு என்று இன்பமணி கேட்டாள்.

“ஆறு இருக்கும். அவரு கடைக்குக் கிளம்புற நேரம். ஏன், சத்தமா இருக்குன்னு நான் குறை சொல்லலம்மா.”

கயிற்றை வாங்கிக்கொண்டு இன்பமணி மேலே வந்தாள். அக்ஸாவுக்கு அடுப்பு பற்றவைக்கத் தெரியாது. சிலிண்டர் வால்வை இன்பமணி கிளம்பும்போது மூடிவிட்டுத்தான் போவாள். காலையில் அவர்கள் வீட்டில் பிரெட் தவிர வேறு எதுவும் சாப்பிட்டதில்லை. அந்த ஆகஸ்டுக்குப் பிறகு அவள் தோசை சுட்டதேயில்லை. தோசைக்கல் மேல் அலமாரியில், பேப்பர் சுற்றிக் கிடந்தது. நாற்காலி போட்டு ஏறிப் பார்த்தாள். பேப்பர் இருந்தது. கல் கீழே, அடுப்புக்குப் பக்கத்தில் சுவரோடு சாய்ந்திருந்தது. அது எப்போதிருந்து அங்கே இருக்கிறது என்று அவளால் நினைவுக்குக் கொண்டுவர முடியவில்லை.

பெட்டி கட்டும் வேலை நடந்தது. அக்ஸா தன் புத்தகங்களைக் கட்டவிடவில்லை. கட்டிய பெட்டிகளைப் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பிரித்து, எடுத்த இடத்திலேயே வைத்தாள். கத்தவில்லை, அழவில்லை. ஒரு வேலையைப் போல் செய்தாள். புதன்கிழமை சாயங்காலம் தேவசுந்தரம் அவளை மடியில் உட்காரவைத்து, கிச்சனில் யாரும் இல்லை, அது உன் கற்பனை என்று பொறுமையாகச் சொன்னான். அக்ஸா அவன் சொல்லி முடிக்கும்வரை கேட்டாள். பிறகு, போலீஸ் ஆன்ட்டியிடம்கூட நான் சொன்னேனே, அவர்கள் எழுதிக்கொண்டார்களே, நீங்கள் கையெழுத்துப் போட்டீர்களே என்று கேட்டாள். அவன் அவளை இறக்கிவிட்டான். டூட்டிக்குக் கிளம்பும்போது வாசலில் ஷூவை மாட்டிக்கொண்டே, நிமிர்ந்து பார்க்காமல் சொன்னான்.

“நீதான் சொல்லிக்குடுத்த. நீயே எடு.”

இன்பமணி அன்றிரவு படுத்தபடி யோசித்தாள். உண்மையைச் சொன்னால் பிள்ளை வெளியே சொல்லக்கூடும். டீச்சரிடம், பஸ்ஸில் பக்கத்தில் உட்காரும் பிள்ளையிடம். பழைய கேஸைத் திரும்பத் தோண்டி எடுக்க இரண்டு வருடம் ஒன்றும் பெரிய இடைவெளி இல்லை. ஆனால் அவளுக்கு உள்ளூர இருந்த பயம் அதுவல்ல. உண்மையைச் சொல்லிவிட்டால் அக்ஸாவுக்கு அம்மா என்று மிஞ்சப்போவது வேனில் போனவள் மட்டும்தான். சமையலறையில் நின்றவள் தோசை சுட்டாள், சடை பின்னினாள், எங்கும் போகவில்லை. அவளை எடுத்துவிட்டு அந்த இடத்தில் போய் நிற்கும் தைரியம் தனக்கு இருக்கிறதா என்று இன்பமணிக்குத் தெரியவில்லை. சொல்லாவிட்டால் பிள்ளை இந்த வீட்டைவிட்டு வராது. உடம்பை மட்டும் தூக்கிக்கொண்டு போகலாம்.

வியாழக்கிழமை காலை, இன்று வரவில்லை என்று வேன் குரூப்பில் போட்டாள். எப்போதும்போல் கதவைப் பூட்டி, சத்தம் கேட்கும்படி படி இறங்கினாள். கீழே ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, சாக்ஸ் காலோடு திரும்ப ஏறினாள். வெயில் அதற்குள் சுவரில் பாதி இறங்கியிருந்தது. இரும்புக் கைப்பிடி வெதுவெதுப்பாக இருந்தது. எதிர் வீட்டு ஏசியிலிருந்து தண்ணீர் சொட்டியது. சமையலறையில் நிற்பவள் இருட்டில் வருவதாக இருந்தால் நம்பாமல் இருந்துவிடலாம், இவள் வெளிச்சத்தில் வருகிறாள் என்று அவளுக்குத் தோன்றியது. கதவில் காதை வைத்தாள்.

முதலில் ஒன்றும் இல்லை. பிறகு அக்ஸாவின் குரல். என்ன பேசுகிறாள் என்று புரியவில்லை. சின்னதாக ஏதோ சொல்கிறாள், நிறுத்துகிறாள். எதிராளி பேசி முடிக்கும் அளவுக்கு நிறுத்துகிறாள். பிறகு, ம், என்கிறாள். ஒரு தடவை சிரித்தாள். அந்தச் சிரிப்பை இன்பமணி கேட்டு இரண்டு வருடமாகிறது. கரண்டி எதன்மேலோ பட்ட சத்தம் ஒன்று வந்தது. கீழிருந்தும் வந்திருக்கலாம். சாவியைப் போட்டுத் திறந்தாள்.

நடையில் விளக்கு எரிந்தது. அக்ஸா சமையலறைத் தரையில், வாசலைப் பார்த்து, கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். யூனிபார்ம் போட்டிருந்தாள். முதுகுக்குப் பின்னால் யாரோ ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தால் எவ்வளவு இடம் வேண்டுமோ அவ்வளவு இடம் விட்டிருந்தாள். வலது பக்கம் சடை பின்னி ரிப்பன் கட்டியிருந்தது. இடது பக்கம் முடி மூன்று கால்களாகப் பிரிந்து தோளில் கிடந்தது. பின்னிக்கொண்டிருந்த கை அப்போதுதான் விட்டதுபோல் அது மெதுவாகக் கலைந்தது.

“எதையாவது மறந்துட்டீங்களா?” என்றாள் அக்ஸா. வீட்டுக்கு வந்தவரிடம் கேட்பதுபோல் இருந்தது.

இன்பமணி அடுப்பின் அருகே போனாள். வால்வு மூடியிருந்தது. கல்லைத் தொட்டாள். ஜூன் மாதம். அந்தச் சமையலறையில் எல்லாமே சூடாகத்தான் இருந்தது. பையை மேடைமேல் வைத்துவிட்டு அக்ஸாவின் பின்னால் தரையில் உட்கார்ந்தாள். சீப்பு தரையில் கிடந்தது. எடுத்து இடது பக்கத்தை வாரினாள். மூன்றாகப் பிரித்துப் பின்னினாள். இறுக்கமாக வரவில்லை. அவிழ்த்து மறுபடி பின்னினாள். வலது பக்கத்துச் சடை கயிறுபோல் இருந்தது. அவளுடையது பாதியிலேயே புடைத்தது. அக்ஸா தலையை ஆட்டாமல் பொறுமையாக உட்கார்ந்திருந்தாள். பழகாத கைக்கு இடம் கொடுப்பதுபோல் இருந்தது.

“அக்ஸா. நான் ஒண்ணு சொல்லுதேன். கேட்டுக்கிடணும்.”

“ம்.”

“அன்னைக்கு நான் கிச்சன்ல இல்ல.”

சடை அவள் கையில் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “வேன்ல போயிட்டேன். நான் தோசையும் சுடல, ஒண்ணும் சுடல. நீயும் தம்பியும் மட்டுந்தான் வீட்ல இருந்தீங்க. நான்தான் உன்னய அப்படிச் சொல்லச் சொன்னேன். அது பொய். நீ சொன்ன பொய் இல்ல, நான் சொன்னது. கிச்சன்ல யாருமே இல்ல.”

சொல்லி முடித்ததும் அவள் காத்திருந்தாள். அழுகைக்கும் கத்தலுக்கும் தயாராக இருந்தாள். அக்ஸா எழுந்து ஓடினால் பிடிக்க வேண்டும் என்று முட்டியை ஊன்றி வைத்திருந்தாள். கீழே ஜுலைஹா பீவியின் கணவர் கதவைச் சாத்திவிட்டு, செருப்பைத் தேய்த்துக்கொண்டு தெருவில் நடந்து போவது கேட்டது. அக்ஸாவின் தோள்கள் அசையவில்லை. அவள் வாசல் வழியாக எதிரே பார்த்துக்கொண்டிருந்தாள். எதிரே குளியலறைக் கதவு. அது மூடியிருந்தது.

“தெரியும் மம்மி” என்றாள். “நீங்க பூட்டிட்டுப் போனது எனக்குக் கேட்டுச்சு. நான் முழிச்சுத்தான் இருந்தேன்.”

இன்பமணியின் விரல்கள் சடையை விட்டுவிட்டன.

அக்ஸா திரும்பி அவள் முகத்தைப் பார்த்தாள். கணக்கில் ஒரு படி விட்டுப்போனதைக் காட்டும் பிள்ளையின் முகம். கோபம் இல்லை.

“யாருமே இல்லன்னா, அன்னைக்கு பாத்ரூம் வாசல்ல பின்னால இருந்து என் கண்ணப் பொத்தினது யாரு?”